டப்ஸ்டெப் எங்கே பிறந்தது? அந்த சப் பாஸ் (அடியாழ ஒலி) என் டிராக்கில் மட்டும் ஏன் காணாமப் போகுது?

அல்சூர்கீஸ் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூணு கேள்வி இருக்கு, மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னினதுதான்.

முதல்ல, டப்ஸ்டெப்ங்கிற மின்னணு நடன இசைன்னாலே 2010-க்கு அப்புறம் அமெரிக்காவுல கிளம்பின அந்த உறுமல் சத்தம்னுதான் பெங்களூர்ல பல பேர் நினைக்கிறாங்க. லண்டன்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்ததுன்னு கேள்விப்பட்டு அந்தப் பழைய டிராக்குகளைக் கேட்டேன். பாதி இடம் வெறுமையா இருக்கு. ரெண்டும் ஒரே இசையா?

ரெண்டாவது, கணினி இசை மென்பொருள்ல 140 பிபிஎம் (நிமிஷத்துக்கு 140 அடி), டி மைனர் ஸ்கேல்ல ஒரு டிராக். பாஸ் நோட்டுகள், அதாவது ஸ்வரங்கள், கீழயிருந்து மேல சி1, டி1, எஃப்1, ஏ1. ஃபோன்ல பாஸே இல்லை. கார்ல போட்டா ஏ1 வரும்போது மட்டும் கதவு அதிருது. இந்திராநகர்ல ஒரு பார்ல போட்டுப் பார்த்தப்ப டி1-உம் சி1-உம் சுத்தமா காணோம்.

மூணாவது, அறை 10க்கு 12 அடி, கூரை 10 அடி உயரம், கான்கிரீட். 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ரெண்டு. நாற்காலி அறையோட நட்டநடுவுல. தப்பு எங்க இருக்கு?

தாழ்ஸ்வரம் எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பிறந்த இடம் தெற்கு லண்டன், குறிப்பாகக் குரோய்டன். அங்கே சர்ரே தெருவில் பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்று ஓர் இசைத்தட்டுக் கடை இருந்தது. டிஜே ஹாட்சா அங்கே இசைத்தட்டு விற்றார். பின்னாளில் இந்த இசையின் முன்னோடிகளான ஸ்க்ரீம், பெங்கா இருவரும் பதின்ம வயதில் அந்தக் கடையைச் சுற்றியே வளர்ந்தார்கள். மாலா, கோக்கி, லோஃபா ஆகியோரும் அதே தெற்கு லண்டன் வட்டாரம்தான். கணினியில் செய்த டிராக்கை ஹாட்சாவிடம் கொடுப்பார்கள், அவர் அதைக் கிளப்பில் போடுவார். அவ்வளவு சின்ன வட்டம் அது.

தாய் இசை யூகே கராஜ். 1990-களின் கடைசியில் சுமார் 130 முதல் 135 பிபிஎம்மில் ஓடிய, பாட்டும் பளபளப்பும் நிறைந்த நடன இசை. அதன் 2-ஸ்டெப் வகையில் கிக் (கனமான டிரம் அடி) நான்கு அடியிலும் விழாது. சில அடிகளை விட்டுவிட்டு நொண்டும். எல்-பி, ஸெட் பயஸ், ஹார்ஸ்பவர் புரொடக்‌ஷன்ஸ் போன்றோர் அதிலிருந்து பாட்டை உருவி எடுத்துவிட்டு, தாளத்தையும் பாஸையும் மட்டும் இருட்டாக நிறுத்தினார்கள். தட்டின் பி பக்கத்தில் வந்த இந்த வாத்திய வடிவங்கள்தான் விதை. அதே கராஜிலிருந்து கிழக்கு லண்டனில் ராப் சொல்பவர்களின் கையில் கிரைம் (grime) என்ற ராப் இசை பிறந்தது. தெற்கில் வார்த்தை குறைந்து பாஸ் பெருகியது.

பெயரில் உள்ள "டப்" அலங்காரத்துக்கு வந்ததல்ல. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பி 1970-களின் தொடக்கத்தில் செய்தது இதுதான்: பாட்டின் பதிவை மிக்ஸரில் போட்டு, குரலை இறக்கி, டிரம்மையும் பாஸையும் நிறுத்தி, அங்கங்கே ஒரு சொல்லை மட்டும் எக்கோவில் பறக்கவிடுவது. தெருவில் அடுக்கி நிறுத்தும் பெரிய சவுண்ட் சிஸ்டத்துக்காகவே அந்த மிக்ஸ். 1948 முதல் கரீபியனிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த மக்கள் அந்த சவுண்ட் சிஸ்டம் பழக்கத்தைத் தெற்கு லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். நீங்கள் கேட்ட வெறுமை அங்கிருந்து வருகிறது. இருப்பதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கனக்கும் என்ற கணக்கு அது.

ஃபார்வர்டு என்ற கிளப் இரவு 2001-ல் சோஹோவில் தொடங்கி, பிறகு ஷோர்டிச்சில் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற சின்ன இருட்டு நிலவறைக்கு மாறியது. அதை நடத்திய அம்யூனிஷன் குழுவினர்தான் 2002 வாக்கில் "டப்ஸ்டெப்" என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார்கள். அப்போது உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிய ரின்ஸ் எஃப்எம் அதைப் பரப்பியது. 2005-ல் மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர் பிரிக்ஸ்டனில் டிஎம்ஸெட் இரவைத் தொடங்கினார்கள். பாஸின் கனத்தில் தியானிக்க வா என்பதுதான் அழைப்பு. 2006 ஜனவரியில் மேரி ஆன் ஹாப்ஸ் பிபிசி ரேடியோ 1-ல் இவர்களை வைத்து ஒரு முழு நிகழ்ச்சி செய்தார். வெளியுலகம் விழித்தது அதன் பிறகுதான்.

இன்னொன்று, டப்பிளேட். புதுப் பாடல் வெளியாகும் முன் ஒரே ஒரு பிரதி, 10 அங்குல அசிடேட் தட்டில் வெட்டுவார்கள். இவர்களில் பலர் ஃபாரஸ்ட் ஹில்லில் இருந்த டிரான்ஸிஷன் ஸ்டுடியோவுக்குத்தான் போனார்கள். சில டஜன் முறை ஓட்டினால் தட்டு தேய்ந்துவிடும். வெட்டக் காசு கொடுக்க வேண்டும் என்பதால் அரைகுறை டிராக்கை யாரும் கொண்டுபோவதில்லை. இடது வலது சேனலில் பாஸ் எதிரெதிராக இருந்தால் ஊசி மேலும் கீழுமாகத் துள்ளிப் பள்ளத்தை விட்டு வெளியே குதிக்கும். அதனால் சப் கட்டாயம் மோனோ, அதாவது இரு சேனலிலும் ஒரே ஒலி. இன்றைக்கும் அந்த விதி மாறவில்லை.

டிராப்_கார்த்தி எழுதியது:

மதிப்போடவே மறுக்கிறேன். டப்ஸ்டெப்பை மக்கள் அடையாளம் காண்றது "வாவ் வாவ்"னு வர்ற வாபிளை வெச்சுத்தான். அமெரிக்க இசைக்கலைஞர் ஸ்க்ரில்லெக்ஸ் 2012-ல மூணு கிராமி வாங்கினது அந்த சத்தத்துக்குத்தான். வெறுமையும் சப்பும் மட்டும் இருந்தா அது வேற இசை.

தாழ்ஸ்வரம் எழுதியது:

வாபிள் லண்டனிலேயே இருந்ததுதான், கார்த்தி. கோக்கி, ரஸ்கோ, காஸ்பா எல்லாம் 2007 வாக்கிலேயே அதை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். 2010-க்குப் பிறகு மாறியது பாஸ் உட்காரும் இடம். முன்பு எடை முழுதும் 40 முதல் 60 ஹெர்ட்ஸில் இருந்தது. பிறகு 200-லிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரையான நடுப்பகுதிக்கு ஏறியது. லேப்டாப்பிலும் திறந்தவெளி விழாவிலும் அது உடனே காதைப் பிடிக்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய 0 டெசிபலிலேயே காதுக்கு எட்டிவிடும். 40 ஹெர்ட்ஸ் எட்டவே சுமார் 50 டெசிபல் வேண்டும். ஆகவே பழைய வகைக்கு நல்ல சவுண்ட் சிஸ்டம் இல்லாவிட்டால் உயிரே இல்லை. புதிய வகை எதில் போட்டாலும் பிழைக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான், வீடு வேறு. ஆனால் வாபிளை எடுத்துவிட்டாலும் டப்ஸ்டெப் நிற்கும், சப்பை எடுத்துவிட்டால் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

மோனோசப் எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். தாளத்துல இருந்து ஆரம்பிச்சாதான் பாஸ் புரியும்.

140 பிபிஎம்ல ஒரு அடி 429 மில்லிசெகண்ட், ஒரு பார், அதாவது நாலு அடி, 1.71 செகண்ட். கிக் 1-வது அடி, ஸ்னேர் (கூர்மையான டிரம்) 3-வது அடி. 2, 4 ரெண்டும் காலி. ஸ்னேர் பாருக்கு ஒரே தடவை விழுறதால காது அதை 70-ன்னு எண்ணும், ஆனா ஹைஹாட் (சின்ன ஜால்ரா சத்தம்) 140-லயே ஓடும். நம்ம கணக்குல சொல்லணும்னா தாளம் ரெண்டு களையில சவுக்கமா போகுது, மேல சொற்கட்டு மத்திம காலத்துல ஓடுது. இந்த ரெட்டை ஓட்டம்தான் இந்த இசையோட இழுப்பு. 70 பிபிஎம்னு புராஜெக்ட்டை செட் பண்ணாதீங்க. கிரிட், டிலே (எதிரொலி), எல்எஃப்ஓ (ஒலியைச் சீரா ஆட்டுற மெதுவான அலை) எல்லாத்தோட வேகமும் பாதியாயிடும்.

ஹைஹாட்டை நேர்கோட்டுல வெக்காதீங்க. 16-ஆம் நோட்டுக்கு 54 முதல் 58 சதவீதம் ஸ்விங், அதாவது ரெண்டாவது நோட்டைக் கொஞ்சம் தள்ளி வெக்கிறது. அது கராஜ் கொடுத்த சொத்து, அது போச்சுன்னா டிராக் மரக்கட்டை மாதிரி நிக்கும். ஸ்னேருக்கு 200 ஹெர்ட்ஸ் பக்கம் உடம்பு, 5000 பக்கம் இரைச்சல், ரெண்டு லேயர் போதும். ரிவெர்ப் (அறை முழக்கம்) 1.2 முதல் 1.8 செகண்ட், ப்ரீ டிலே 20 முதல் 30 மில்லிசெகண்ட். ரிவெர்ப்போட 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடணும். இல்லேன்னா அந்த வால் வந்து சப்போட தலையில விழும். டிலேக்குப் புள்ளி வெச்ச எட்டாம் நோட்டு, 321 மில்லிசெகண்ட், ஃபீட்பேக் 40-லிருந்து 50 சதவீதம்.

சப்புக்கு ஒரே ஒரு சைன் அலை (மேல்ஸ்வரம் இல்லாத சுத்தமான அலை). யூனிசன், கோரஸ், ஸ்டீரியோ எதுவும் வேணாம், மோனோ, ஒரே குரல். அட்டாக் (நோட்டு எழும்புற நேரம்) 5 முதல் 10 மில்லிசெகண்ட். 0 வெச்சா ஒவ்வொரு நோட்டு தொடக்கத்துலயும் "டிக்"னு ஒரு கிளிக் வரலாம். ரிலீஸ் (அடங்குற நேரம்) 60 முதல் 100. கிளைடு 40 முதல் 80 வெச்சா நோட்டு நோட்டா வெட்டாம வழுக்கும்.

இப்போ உங்க டிராக்கோட உண்மையான சிக்கல். டி1 36.7 ஹெர்ட்ஸ், சி1 32.7. பார்ல இருக்குற சிஸ்டத்துக்கு அது எட்டாது, காரணத்தை லைவ் சவுண்ட் பண்றவங்க சொல்வாங்க. சுருதியை மாத்துங்க. ஆதார நோட்டு எஃப்1, அதாவது 43.7, அல்லது ஜி1, 49. எஃப் மைனருக்கு ஏத்தினாலே சி1 இருந்த இடம் ஈ ஃபிளாட்1 ஆகி 38.9-க்கு வந்துடும். அந்த ஒண்ணை மட்டும் ஒரு ஆக்டேவ் மேல வாசிச்சா போதும்.

ஃபோன்ல பாஸ் கேக்காததுக்கு மருந்து சாச்சுரேஷன். சைனுக்கு மேல கொஞ்சம் டிஸ்டார்ஷன் போட்டா எஃப்1-க்கு 87, 131, 175, 218 ஹெர்ட்ஸ்னு மேல்ஸ்வரங்கள் முளைக்கும். சின்ன ஸ்பீக்கர் 43-ஐத் தராது, ஆனா 200-க்கு மேல உள்ளதைத் தரும். இந்த வரிசையைக் கேட்ட மூளை, இல்லாத அடிநோட்டைத் தானே இட்டு நிரப்பிக்கும். ஒரே டிராக்ல போடாம ரெண்டாப் பிரிங்க: ஒரு லேயர் சுத்தமான சைன், 90 ஹெர்ட்ஸ் வரை. இன்னொண்ணு சாச்சுரேட் ஆனது, 110-க்கு மேல மட்டும், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு. ரெண்டாவதை மெதுவா ஏத்தி, ஃபோன்ல பாஸோட மெட்டு புரிய ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்துங்க. அதுக்கு மேல போனா கிக் மங்கிடும்.

வாபிள் வேணும்னா அதுவும் இந்த மேல் லேயர்லதான். ரெண்டு சா அலை (ரம்பப் பல் மாதிரி அலை), 5 முதல் 10 சென்ட் விலகல், 24 டெசிபல் லோபாஸ் ஃபில்டர் (மேல் ஒலியை வெட்டுறது), கட்ஆஃப் 120-லிருந்து 1500 ஹெர்ட்ஸ் வரை எல்எஃப்ஓ ஆட்டணும், ரெஸொனன்ஸ் 20 முதல் 30 சதவீதம். எட்டாம் நோட்டு வேகம் செகண்டுக்கு 4.7 ஆட்டம், கால் நோட்டு 2.3, திஸ்ரம் வெச்ச எட்டாம் நோட்டு 7. ரீட்ரிகர் ஆன் பண்ணுங்க. அது ஆஃப்ல இருந்தா எல்எஃப்ஓ தன்பாட்டுக்கு ஓடும், ஒவ்வொரு தடவை எக்ஸ்போர்ட் பண்ணும்போதும் வாபிள் வேற இடத்துல தொடங்கும். ஒரே வேகத்துல 16 பார் ஓட்டுறதுதான் புதுசா பண்றவங்க செய்யுற பெரிய தப்பு. பாருக்கு ரெண்டு தடவையாவது வேகம் மாறணும், நடை மாத்துற மாதிரி. ஒரு இடத்துல மௌனமும் இருக்கட்டும்.

அளவு: மாஸ்டர்ல லிமிட்டர் இல்லாம, கிக்கும் ஸ்னேரும் மைனஸ் 6 டெசிபல் உச்சி, சப் மைனஸ் 10-ல ஆரம்பிங்க. கிக்கோட அடிநாதம் 90 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தா சப்போட மோதாது. அதுவும் 50-லயே இருந்தா சைட்செயின் (கிக் வரும்போது சப்பை இறக்குறது) போடுங்க, 4-க்கு 1, ரிலீஸ் 80 முதல் 120 மில்லிசெகண்ட்.

ரேக்_அண்ட்_கேபிள் எழுதியது:

பார்ல நோட்டு காணாமப் போனது உங்க தப்பில்ல, சிஸ்டத்தோட இயல்பு. பல சின்ன இடங்கள்ல 12 அங்குல டாப் (நடு, மேல் ஒலி ஸ்பீக்கர்) ரெண்டு, 15 அல்லது 18 அங்குல சப் ஒண்ணோ ரெண்டோதான். சப் பெட்டியில துளை விட்டிருப்பாங்க. அந்தத் துளை டியூன் ஆன அலைவரிசைக்குக் கீழ போனா ஸ்பீக்கர் கோனைப் பிடிச்சு நிறுத்த உள்ள காத்தழுத்தம் இருக்காது, கோன் கட்டுப்பாடில்லாம ஆடிக் கிழியும். அதைக் காப்பாத்த பிராசஸர்ல 35 முதல் 40 ஹெர்ட்ஸ்ல ஹைபாஸ் (கீழ் ஒலியை வெட்டுற ஃபில்டர்) போட்டிருப்போம். உங்க டி1, சி1 ரெண்டும் அந்த வெட்டுல போயிடுச்சு.

இன்னொரு பழக்கம், மேடைக்கு இடது ஓரம் ஒரு சப், வலது ஓரம் ஒரு சப். 43 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 8 மீட்டர். ரெண்டு சப்புலயிருந்தும் வர்ற தூரத்துல 4 மீட்டர் வித்தியாசம் இருக்குற இடத்துல நின்னா அங்க பாஸ் செத்துடும். நடுவுல கனமாவும் பக்கத்துல வெறுமையாவும் கேட்டா காரணம் இதுதான். ரெண்டையும் மேடைக்கு முன்னால நடுவுல ஒட்டி வெச்சா குழி போகும், பாஸ் முன்னைவிட சமமா பரவும். அடுத்து போலாரிட்டி, அதாவது கோன் முன்னுக்குத் தள்ளுதா பின்னுக்கு இழுக்குதாங்கிற திசை. ஒரு கேபிள்ல முனை மாத்தி சால்டர் பண்ணியிருந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். 50 ஹெர்ட்ஸ் சைன் ஓட்டி, ஒரு சப்போட போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்க. சத்தம் ஏறினா திருப்பினதுதான் சரி. சவுண்ட்செக்ல ரெண்டு நிமிஷ வேலை.

இப்போ அறை. 12 அடி நீளத்துக்கு முதல் நிலையலை (சுவர்களுக்கிடையே நிக்கிற அலை) 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு 56. உயரமும் 10 அடிங்கிறதால அதுவும் 56, ரெண்டும் ஒரே இடத்துல குவியுது. முதல் நிலையலைக்கு அறையோட நட்டநடுவுல அழுத்தம் பூஜ்யம். நீங்க சரியா அங்கதான் உக்காந்திருக்கீங்க. ஏ1 55 ஹெர்ட்ஸ். நாற்காலியில அது கேக்கல, அதனால ஏத்திக்கிட்டே போயிருப்பீங்க. கார்ல கதவு அதிர்றது அந்த ஏத்தின ஏ1தான்.

நாற்காலியை முன்சுவர்லயிருந்து நாலரை அடிக்கு நகர்த்துங்க, நீளத்துல 38 சதவீதம். 47-க்கு அது நல்லா உதவும். 56-க்கு உதவாது, ஏன்னா அகலத்துல நடுவுல உக்காந்தாதான் ஸ்டீரியோ சரியா இருக்கும், காது உயரத்தையும் பெருசா மாத்த முடியாது. அதனால 50-லிருந்து 60 வரைக்கும் ஸ்பீக்கரை நம்பாதீங்க. ஹெட்ஃபோன்லயும், ஸ்பான் மாதிரி இலவச அனலைசர்லயும் எல்லா பாஸ் நோட்டும் ஒரே உயரத்துல நிக்குதான்னு பாருங்க. அனலைசரோட ஸ்லோப்பை 0-ல வெச்சா சைனுக்கு அது நிக்கணும், நிக்காட்டி ஈக்யூவுல (ஒலிச் சமன்) ஏதோ தப்பு இருக்கலாம். 5 அங்குல ஸ்பீக்கர் 50-க்குக் கீழ வேகமா சரியும்கிறதையும் சேர்த்துக்குங்க.

சுவர்ல முட்டைத்தட்டு மாதிரி இருக்குற நுரையை வாங்கிக் காசை வீணாக்காதீங்க. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழ அது ஒண்ணும் செய்யாது. மூலைகள்ல 4 அங்குல ராக்வூல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் உதவும், 47-க்கு அதுவும் போதாது.

அக்கம்பக்கம் பத்தியும் ஒரு வார்த்தை. 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55, இரவு 10-லிருந்து காலை 6 வரை 45 டெசிபல் வரம்பு. அந்த அளவு ஏ வெயிட்டிங்ல, அதாவது காது கேக்குற மாதிரி எடைபோட்டு, எடுக்குறது. அதுல 40 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட 35 டெசிபல் குறைச்சுக் காட்டும். ஃபோன் ஆப்ல 45-ன்னு பார்த்துட்டு நிம்மதியா இருப்பீங்க, கீழ் வீட்டுல பாத்திரம் அதிரும். ராத்திரி 10-க்கு அப்புறம் ஹெட்ஃபோன் மட்டும்.

அல்சூர்கீஸ் எழுதியது:

நாற்காலியை நகர்த்தி, எஃப் மைனருக்கு மாத்திட்டேன். ஃபோன்ல இப்போ மெட்டு தெளிவாவே கேக்குது, மோனோசப் அண்ணா. கடைசியா ஒண்ணு. வாபிளுக்கு சின்த்தே வேணுமா? எங்க தெரு அம்மன் கோயில் ஊர்வலத்துல வர்ற உறுமியைத் தேய்க்கும்போது வர்ற அந்த முனகலை மேல் லேயரா வெக்க முடியுமா?

மோனோசப் எழுதியது:

தாராளமா முடியும் தம்பி, அருமையான யோசனை. உறுமியில வளைஞ்ச குச்சியைத் தோல்மேல தேய்க்கும்போது சுருதி வழுக்கி ஏறி இறங்குதே, எல்எஃப்ஓ செய்யப் பாக்குறது அதைத்தான். ஊர்வலத்துல பதிவு பண்ணாதீங்க, சுத்தி இருக்குற தவிலும் வெடியும் பிரிக்க முடியாம கலந்துடும். வாசிக்கிற அண்ணனைத் தனியாக் கேட்டு, பேசின காசைக் கொடுத்து, பேரும் போடுறேன்னு சொல்லி அரை மணி நேரம் எடுங்க.

மைக் தேய்க்கிற முகத்துல இருந்து ஒரு அடி தள்ளி, நேரா இல்லாம 45 டிகிரி சாய்வா. நேரா வெச்சா குச்சி உரசுற சரசரப்பு மேலோங்கும். உச்சி மைனஸ் 12-ஐத் தாண்டாம எடுங்க, திடீர்னு ஒரு அடி விழும். குறுந்தேய்ப்பு, நெடுந்தேய்ப்பு, மேல ஏறுறது, கீழ இறங்குறது, ஒவ்வொண்ணும் பத்து தடவை.

கொண்டுவந்து 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க. தேய்ப்பு ஒவ்வொண்ணும் எந்த சுருதியில முடியுதுன்னு டியூனர்ல பார்த்து, அதை எஃப்க்கு இழுங்க. மூணு நாலு அரைஸ்வரத்துக்கு மேல இழுத்தா ரப்பர் மாதிரி ஆயிடும், அதுக்கு வேற தேய்ப்பைத் தேடுங்க. நீளத்தை வெட்டிப் பொருத்தும்போது நெடுந்தேய்ப்பை 429 மில்லிசெகண்டுக்கும் குறுந்தேய்ப்பைத் திஸ்ர எட்டாம் நோட்டுக்கும், அதாவது 143 மில்லிசெகண்டுக்கும் வெட்டுங்க. சதுஸ்ரத்துல போயிட்டிருந்து கடைசி ரெண்டு அடியில திஸ்ரத்துக்குத் தாவினா, ஸ்னேருக்கு முன்னாடி ஒரு தள்ளாட்டம் வரும்.

கீழே அதே சைன். உறுமி வழுக்குற திசையிலேயே சைனும் வழுக்கணும், ஏறுற தேய்ப்புக்குப் பிட்ச் என்வலப்ல கீழ 5 அரைஸ்வரத்துல தொடங்கி 200 மில்லிசெகண்ட்ல எஃப்1-க்கு வரட்டும். உறுமி ஏறும்போது சைன் அசையாம நின்னா ரெண்டும் தனித்தனியாக் கேக்கும். கடைசியா, சைன் லேயரோட போலாரிட்டியைத் திருப்பி 90-லிருந்து 130 ஹெர்ட்ஸ் வரைக்கும் அனலைசர்ல பாருங்க. எந்தப் பக்கம் திருப்பினா அந்த இடம் நிரம்புதோ அப்படியே விட்டுடுங்க. பதிவு பண்ணினதும் இங்க போடுங்க, கேக்கணும்.